பாதி வானத்தில் அணையும் விளக்கு

"எங்கப்பா போச்சு?"

கடலூர் சில்வர் பீச்சில் ஒரு வாண்டு கேட்ட கேள்வி. கடல் மேலே வெளிச்சப் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்த சர்வதேச விண்வெளி நிலையம் பாதி வானத்திலேயே அணைந்துவிட்டது.

மேகமில்லை. பூமியின் நிழல்.

நமக்கு இருட்டினாலும், 400 கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு இன்னும் வெயில்; அந்த வெளிச்சத்தில்தான் நமக்குத் தெரிகிறது. நிழலுக்குள் நுழைந்ததும் காணோம். அதனால் மாலையில் என்றால் இருட்டிய முதல் ஒன்றரை மணி நேரம்தான் தோது.

மாலையில் மேற்கே கிளம்பும். கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கடலையே பார்த்து நிற்பவர்கள் பாதியைக் கோட்டை விடுகிறார்கள்!

தொடுவானிலிருந்து அது ஏறும் உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேல் வரும் நாள் நல்லது. நீட்டிய கையில் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. குழந்தையின் குட்டிக் கைக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

மினுக்கினால் விமானம்.

தொலைநோக்கி வேண்டாம். வாண்டு அதைத் திருப்புவதற்குள் அந்த ஐந்தாறு நிமிடமும் போய்விடும்.