வேலிக்கு அந்தப் பக்கம்

மே 4
கொட்டகைக் கதவைத் திறந்து வைத்தும் கூண்டிலேயே வளர்ந்த கோழிகள் எதுவும் வெகுநேரம் வெளியே வரவில்லை. கழுத்தை நீட்டி வெளிச்சத்தைப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக வாசலிலேயே நின்றன. முதலில் இறங்கியது கழுத்தில் இறகு உதிர்ந்த சிவப்புப் பெட்டை. புல்லைத் தொடவே இல்லை, நேராக மண்ணைச் சீய்க்க ஆரம்பித்தது. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் கம்பித் தரையில் நின்ற கால்கள் அவை. சீய்ப்பது எப்படி என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அம்மா காலையில் அரை முட்டைதான் சாப்பிட்டாள்.

மே 5
மஞ்சள் கரு வெளிறித்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மே 8
அண்ணன் போன் பண்ணினான். அம்மா எப்படி இருக்கிறாள் என்பதற்கு முன்னால், "கரு சிவந்துடுச்சா?"

எல்லோருக்கும் நிறம்தான் கண்ணில் படுகிறது. எனக்கு இதில் தீராத ஆதங்கம். அந்த நிறம் சாந்தோஃபில் என்ற நிறமிகளால் வருவது. புல்லிலும் கீரையிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் இருக்கும் லூட்டின், சியாசாந்தின் மஞ்சளைக் கொடுக்கும். சிவப்பு மிளகாயின் கேப்சாந்தின் செம்மையை ஏற்றும். கோழி உடம்பு இவற்றைத் தானாகச் செய்யாது, தின்றால்தான் உண்டு. அதனால் செண்டுமல்லிப் பூவின் சாற்றைத் தீவனத்தில் கலந்தால் போதும், ஒரு நாள்கூட வெயில் படாத கூண்டுக் கோழியும் அடர் ஆரஞ்சுக் கரு இடும். அதற்கென்றே வண்ண விசிறி அட்டை இருக்கிறது, வெளிறலிலிருந்து ஆரஞ்சு வரை வரிசையாக எண் போட்டு. எந்த எண் வேண்டுமோ அதற்கு ஏற்றபடி தீவனம் கலக்கலாம். வெள்ளைச் சோளம் தின்று வெளியே திரியும் கோழியின் கருவோ வெளிறியிருக்கும். நிறத்தைப் பார்த்துக் கோழி எங்கே வளர்ந்தது என்று சத்தியம் பண்ண முடியாது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "சரி, சிவந்ததும் சொல்லு" என்றான்.

மே 11
ஒரு முட்டையை அவித்துக் குறுக்கே வெட்டினேன். நடுவில் வெளிறிய மஞ்சள், விளிம்பைச் சுற்றி நூலளவுக்கு அடர்ந்த வளையம். வெளியே விட்ட பிறகு ஏறியது அந்த வளையம் மட்டும்தான். கரு கடைசிப் பத்து நாளில்தான் மளமளவென்று பெருக்கும், உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக. அன்றன்றைக்குத் தின்றது அன்றன்றைய அடுக்கில் போய்ச் சேர்கிறது. கத்தியைக் கழுவாமல் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள்.

மே 13
வெயில் தாங்கவில்லை. இன்று ஒரு தோல்முட்டை. கையில் எடுத்தால் குழைகிறது, விரலின் சூடு பட்டதும் உள்ளே கரு உருளுவது தெரிகிறது.

வாயைத் திறந்து இளைக்கும்போது கோழியின் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். ஓடு என்பது ஏறக்குறைய முழுக்கக் கால்சியம் கார்பனேட். அதற்கு வேண்டிய கார்பனேட்டே ரத்தத்தில் குறைந்துபோனால் எதைக் கொண்டு ஓடு கட்டும்? வெயிலில் தீனியும் குறைந்துவிடுகிறது. ஒரு ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம், அதில் பெரும்பகுதி இருட்டில், கோழி எதுவும் தின்னாமல் உறங்கும் நேரத்தில். மாவாக அரைத்த சுண்ணாம்பு அதற்குள் கரைந்து போய்விடும். கிளிஞ்சலைத் துண்டு துண்டாக வைத்தால் அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதுவும் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

சாயங்காலம் தனித் தொட்டியில் கிளிஞ்சல் வைத்தேன். இடும் பெட்டைகள் வந்து கொத்துகின்றன, சேவல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மே 14
அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல்.

மே 16
காய்ச்சல் விட்டது. ஒரு முழு முட்டை.

புல் தின்றால் வயிறு நிறையும் என்று நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். நார்ச்சத்திலிருந்து கோழிக்குக் கிடைக்கும் சக்தி சொற்பம். மேய்ச்சல் என்பது பக்க உணவுதான், ஒரு நாளைக்கு 110 கிராம் போலச் சரியான தீவனம் தொட்டியில் இருந்தே ஆகவேண்டும். தானியத்தை அள்ளி அள்ளி இறைத்தால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும், புரதமும் கால்சியமும் குறைந்து முட்டை சிறுக்கும். ஆனால் அந்தப் பக்க உணவு கருவின் கொழுப்பையே மாற்றிவிடுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2010-இல் வந்தது. மேய்ந்த கோழிகளின் முட்டையில், கூண்டுக் கோழிகளின் முட்டையை விட வைட்டமின் ஈ இரண்டு மடங்கு, ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு இரண்டரை மடங்கு. 2014-இல் வந்த ஜெர்மன் ஆய்வில், வெயிலில் திரிந்த கோழிகளின் கருவில் வைட்டமின் டி உள்ளே அடைபட்டவற்றை விட மூன்று மடங்குக்கு மேல். உடம்பெல்லாம் இறகு இருக்க, இறகில்லாத காலின் தோலில்தான் அதை முக்கியமாகச் செய்துகொள்கிறது கோழி. புரதம் மட்டும் எங்கே வளர்ந்தாலும் ஏறக்குறைய அதே அளவு.

அம்மாவுக்கு வைட்டமின் டி குறைவு என்றார் டாக்டர். இவை வெயிலில் நிற்கும்போது நான் கால்களையே பார்க்கிறேன்.

மே 18
கிழக்குச் சுவரோரம் புதரை வெட்டினோம். சுவர் முழுக்க உரிந்த பெயின்ட், கீழே மண்ணில் செதில் செதிலாகக் கிடக்கிறது. பச்சை, அதற்கடியில் வெள்ளை, அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. எவ்வளவு பழையது என்று சொல்ல ஆளில்லை. சிவப்புப் பெட்டையும் அதன் பின்னால் இன்னும் சிலவும் அங்கேதான் குழி பறித்து மண் குளிக்கின்றன.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். கோழி மண்ணைத் தின்னாமல் மேயாது. புழுவோடு, விதையோடு, கல்லோடு மண்ணும் உள்ளே போகும். சிட்னியில் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2022-இல் எழுதியிருந்தார்கள். கடை முட்டையை விடச் சராசரியாக 40 மடங்கு ஈயம். முட்டையில் ஈயம் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்றால் மண்ணில் கிலோவுக்கு 117 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று அவர்கள் கணக்கு. ஈயம் உடம்பில் கால்சியம் போகும் வழியிலேயே போகிறது, எலும்பில் போய் உட்கார்கிறது. அந்த எலும்பிலிருந்துதானே ராத்திரியில் ஓட்டுக்கு எடுக்கிறது.

நல்லது எந்த வழியாகக் கருவுக்குள் போகிறதோ அதே வழியாகத்தான் இதுவும் போகும். கூண்டில் வெயிலும் இல்லை, இந்தப் பயமும் இல்லை. அதற்காகத் திரும்ப அடைக்க எனக்கு மனம் வராது. மண்ணைத் தெரிந்துகொள்ளாமல் அம்மாவுக்கு ஊட்டவும் மாட்டேன்.

சுவரோரம், நடு நிலம், கொட்டகை வாசல் என்று தனித்தனியாக மண் எடுத்து அனுப்பியாயிற்று. கோழிகள் இப்போதைக்குக் கொட்டகையில். அம்மாவுக்குக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் இருக்கும், வெளியே விடுவதற்கு முன் இட்ட பழைய முட்டைகள்.

மே 19
கத்துகின்றன.

மே 21
அம்மா, "முட்டை தண்ணியா ஓடுதுடா, கெட்டுப்போச்சா?" என்றாள். கெடவில்லை. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள், அவை வழியாகக் கரியமில வாயு மெல்ல மெல்ல வெளியேறும், வெள்ளைக் கருவின் காரத்தன்மை ஏறும், கெட்டியாக நின்ற பகுதி இளகிப் பரவும். கெட்டி வெள்ளைக் கருவின் உயரத்தையும் முட்டையின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டு முட்டையின் தரத்தை அளக்கும் ஹா அலகு 1937-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் மேய்ச்சலை விட முட்டையின் வயது, வைத்த இடத்தின் சூடு, கோழியின் வயது, இவைதான் பேசும். புதிதாக இட்ட கூண்டு முட்டை, வெயிலில் வைத்திருந்த மேய்ச்சல் முட்டையை விட நிமிர்ந்து நிற்கும்.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "பழசும்மா, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

மண் முடிவு வரவில்லை.

மே 22
வரவில்லை.

மே 24
அண்ணன் ஆளி விதை அனுப்பியிருக்கிறான். ஒமேகா-3 ஏறும், உண்மைதான். ஆனால் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முட்டையில் மீன் வாடை வரலாம். பழுப்பு ஓட்டு முட்டையிடும் சில கோழிகளுக்கு அந்த வாடைப் பொருளை உடம்பிலேயே உடைக்கும் திறன் பிறவியிலேயே குறைவு. அம்மாவுக்கு இப்போது எந்த வாடையும் ஆகவில்லை. கையளவு மட்டும் கலந்தேன்.

அவன் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் போடலாமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். அதிலுள்ள காசிபால் என்ற பொருள் மஞ்சள் கருவைப் பாசிப் பச்சையாக்கும், அதன் எண்ணெயால் வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாகவும் மாறலாம். "அப்ப கரு சிவக்காதா?" என்கிறான் இன்னும்.

மே 27
வந்துவிட்டது. நடு நிலமும் கொட்டகை வாசலும் 117-க்கு வெகு கீழே. சுவரோரம் அதைப் பல மடங்கு தாண்டி.

மூன்று தடவை படித்தேன். அப்புறம் அம்மா அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள்.

மே 28
வேலி நகர்த்தினோம். சுவரிலிருந்து தாராளமாகத் தள்ளி. மழையில் செதில்கள் இறங்கி வரும் சரிவும் வெளியே போய்விட்டது. அண்ணனே வந்து கம்பு நட்டான். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளிஞ்சல் தொட்டியை நிரப்பி வைத்தான், கால்சியம் போதிய அளவு இருந்தால் ஈயம் உடம்பில் ஏறுவது குறையும் என்று அவனுக்கு நேற்றுச் சொல்லியிருந்தேன்.

இனித் தின்பது சுத்தம். ஏற்கனவே எலும்பில் ஏறியதுதான் பாக்கி. அது கருவைப் போலப் பத்து நாளில் மாறாது.

மே 29
சுவரோரம் மண் குளித்தவற்றின் காலில் நீல நூல் கட்டித் தனியே விட்டேன். சிவப்புப் பெட்டைக்குத்தான் முதலில். அவற்றின் முட்டை சோதனைக்குப் போகும், யாருக்கும் கிடையாது. மற்றவை இடுவதிலிருந்தும் சில எடுத்துச் சேர்த்து, மேலே பென்சிலால் குறித்துப் பெட்டி கட்டியாயிற்று. காலையில் அனுப்பவேண்டும்.