காக்காவின் ரீ-என்ட்ரி தாள்

சவூதி தம்மாம்ல இருந்து காக்கா, அதான் என் அண்ணன், வந்து 51 நாள் ஆச்சு. இன்னும் 9 நாள்தான்.

நேத்து லுஹர் தொழுதுட்டு உம்மா அவரோட பாஸ்போர்ட்டைத் திறந்து, நாலா மடிச்ச தாளை எடுத்துத் தடவிப் பார்த்துட்டு அப்படியே வச்சாங்க. சவூதியோட எக்சிட் ரீ-என்ட்ரி விசா; அங்க வேலை பார்க்கிறவங்க வெளியே போயிட்டுத் திரும்பி உள்ள வர்றதுக்கான அனுமதி. கீழக்கரையில இந்த வார்த்தை தெரியாத வீடு குறைவு. தேதிக்குள்ள திரும்பணும், இல்லைன்னா கபீல், அதாவது அங்க வேலைக்கு வச்சிருக்கிற முதலாளி, நீட்டிச்சுத் தரணும்.

"ரீ-என்ட்ரின்னா ராக்கெட்ல போனது திரும்பி வர்றதுதானே மாமா?"ன்னு என் மகன் காக்காகிட்ட கேட்டான்.

அதுவும்தான். 2007 ஜனவரி 10-ல இஸ்ரோ அனுப்பின 550 கிலோ கலம், 22-ம் தேதி நம்ம வங்கக் கடல்லயே பத்திரமா இறங்குச்சு. சுற்றுப்பாதையில மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்துல காத்துக்குள்ள நுழைஞ்சா, முன்னாடி இருக்கிற காத்து நசுங்கியே நெருப்பாகிடும். ரொம்பச் செங்குத்தா இறங்கினா கலம் தாங்காது. ரொம்பப் படுத்தாப்புல வந்தா, கடல்ல எறிஞ்ச ஓட்டுச் சில்லு மாதிரி தத்தி வெளியே போயிடும். அக்னி ஏவுகணையில ராமேஸ்வரத்து கலாம் ஐயாவும் அவரோட ஆட்களும் மல்லுக்கட்டினது இந்தச் சூட்டோடயும்தான்.

விண்கலத்துக்கு ரீ-என்ட்ரின்னா வீடு வந்து சேர்றது. காக்காவோட தாள்ல, உம்மாகிட்ட வந்ததுக்குப் பேரு எக்சிட். உம்மாவை விட்டுப் போறதுதான் ரீ-என்ட்ரி. இதை நினைச்சதும் எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு.

அடுப்படியில தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சுண்டுற வாசம். காக்கா கொண்டுபோக உம்மா இப்பவே தொதல் அல்வா கிண்ட ஆரம்பிச்சுட்டாங்க.