ஈரோட்டு மல்லியும் ஒஹாயோ பீரும்

லீவுக்கு கோபிசெட்டிபாளையம் வந்து திண்ணைல உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். அமெரிக்கால ஒஹாயோ போன மொத வருசம் குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே பொழுது எறங்கிரும், வெளிய பனி, பேசறதுக்கு ஆள் இல்ல, அப்பத்தான் ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுக்கு வா பீர் காய்ச்சலாம்னாரு. பக்குனு ஆயிருச்சு, நம்மூர்ல வீட்ல காய்ச்சறதுன்னாலே போலீஸ் சமாச்சாரமல்லங்க. அங்க 1978ல ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டமே இருக்குது, ரெண்டு பெரியவங்க இருக்கற வீட்டுக்கு வருசம் 200 கேலன் வரைக்கும் வரி இல்ல, விக்கத்தான் கூடாது. இங்க 1987ல இருந்து கள்ளுக்கே தடை, தோப்புக்காரங்க இன்னும் கத்திட்டுத்தான் இருக்கறாங்க, அது தனிக்கதை.

எனக்குப் புடிச்சது பெல்ஜியத்து விட்பியர்ங்கற கோதுமை பீரு, அதுல கோதுமையோட கொத்தமல்லி வெதையும் ஆரஞ்சு தோலும் போடுவாங்க. அந்த வகையே அழிஞ்சு போயி, 1966ல பியேர் செலிஸ்னு ஒரு பால்காரர்தான் ஹூகார்டன்ங்கற ஊர்ல மறுபடியும் காய்ச்ச ஆரம்பிச்சாராம். நானும் மல்லியவும் தோலவும் கொதிக்கறப்பவே அள்ளிப் போட்டேன், குடிச்சா வாசமே இல்ல. பாதி ஆவில போயிருது, மிச்சத்த நொதிக்கறப்ப கெளம்பற கேஸ் தூக்கீட்டு போயிருது. அம்மாட்ட போன்ல ஒரு கஷாயம்னு சொல்லி கேட்டா, "ஏங்கண்ணு, மல்லித்தழைய ரசம் எறக்கற நேரத்துலதான போடுவோம், இது கூட தெரியாதா"ங்கறாங்க. அப்பாகிட்ட மட்டும் விசயத்த சொல்லி வெச்சிருந்தேன்.

அதுக்கப்பறம் ஈஸ்ட் வேலை முடியற வரைக்கும் கைய வெக்கறதில்ல. பீரோட அடர்த்திய அளக்கற ஹைட்ரோமீட்டர்ல ரெண்டு மூணு நாளு ஒரே அளவு காட்டோணும். 19 லிட்டருக்கு 15 கிராம் மல்லி, பொடியாக்காம உரல்ல ஒண்ணு ரெண்டா தட்டி, ரெண்டு ஆரஞ்சு தோலோட வோட்காவுல நாலு நாள் ஊற வெச்சு வடிகட்டி, பாட்டில்ல அடைக்கற அன்னிக்கு கலக்கறது. மொத்தமா ஊத்திராதீங்க, ஒரு டம்ளர் பீர்ல சொட்டுச் சொட்டா விட்டுப் பாத்துட்டு அந்தக் கணக்குல ஊத்துங்க, போட்டத திரும்ப எடுக்க முடியாது. கடை ஆரஞ்சுல மெழுகு பூசியிருப்பான், சுடுதண்ணில தேச்சுக் கழுவோணும், மேல்தோல மட்டும் சீவோணும். ஒருக்கா வெள்ளைத் தோலு சேந்து போயி மொத்தமும் கசந்து சிங்க்லதான் போச்சு, வயிறெரிஞ்சுது.

மல்லிலயும் வித்தியாசம் இருக்குது. அங்க சூப்பர்மார்க்கெட்ல குண்டு குண்டா வர்றத விட நம்ம நீட்டு மல்லில எலுமிச்சை வாசம் தூக்கலா இருக்கும். அதான் ஊருக்கு வந்தா ஈரோட்டுல ரெண்டு கிலோ வாங்கிருவேன்.

இப்ப அம்மா மஞ்சத்தூளு பக்கத்துல மல்லியவும் வெச்சு, "அத்தன கஷாயம் குடிச்சும் சளி போகலையா சாமி"ன்னு கேட்டுட்டே வறுத்துக் குடுக்கறதுக்கு வடச்சட்டிய எடுத்தாங்க. அப்பா பேப்பர எறக்காமயே, "வறுக்காத, பச்சையா குடு, அவனுக்கு வாசம் போயிரும்"னாரு.