எழுத்துருத் தேர்வும் ஒரு சிறிய 'ஓ'வும்

அச்சுக்கலைத் தாளுக்கு முதல்முறை தயாரானபோது முப்பது எழுத்துருப் பெயர்களை வகைவாரியாக உருப்போட்டேன். தேர்வில் பெயரையே தரவில்லை. ஒரே சொல்லை ஐந்து எழுத்துருக்களில் அச்சிட்டு, எது எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். இரண்டுதான் தேறின.

மறுமுறை பட்டியலை மூடிவைத்துவிட்டு, ஆங்கிலச் சிறிய 'ஓ'வை மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு அச்சிட்டு அருகருகே வைத்தேன். காரமாண்ட் எழுத்துருவில் வட்டத்தின் மெலிந்த இடங்கள் உச்சியிலும் அடியிலும் நேராக இல்லை, சற்றுச் சாய்ந்திருக்கின்றன. அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்த கையின் தடம் அது. இது பழைய பாணி. 1750களின் பாஸ்கர்வில்லில் அந்தச் சாய்வு ஏறக்குறைய நிமிர்ந்துவிடுகிறது, இது இடைநிலை. போடோனியில் முழுக்க நிமிர்ந்து, மெலிந்த இடம் மயிரிழையாகிறது. இதற்குப் பெயர் நவீன பாணி. பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்குக்கு இப்படி ஒரு பெயர்! செரிஃப், அதாவது கோடுகளின் நுனியில் நீளும் சிறு குறுக்குக்கோடு, இல்லாத ஹெல்வெடிகாவை 'நவீனம்' என்று எழுதி நான் மதிப்பெண் இழந்தது இங்கேதான். ராக்வெல் போலச் செரிஃப் தடித்த கட்டையாக இருந்தால் ஸ்லாப் செரிஃப், யோசிக்கவே வேண்டாம்.

செரிஃப் இல்லாதவற்றில் 'ஓ' அவ்வளவாக உதவாது, சிறிய 'ஏ'வைப் பாருங்கள். ஃபியூச்சுராவில் அது ஒரு வட்டமும் ஒரு கோடும்தான், வடிவியல் வகை. ஹெல்வெடிகாவில் இரண்டு அடுக்கு.

கலைச்சொற்களில் என்னை அதிகம் படுத்தியது எழுத்தளவைச் சொல்லும் அலகான பாயின்ட். 12 பாயின்ட் காரமாண்ட், 12 பாயின்ட் ஹெல்வெடிகாவைவிடச் சிறிதாகத் தெரியும். பாயின்ட் அளப்பது எழுத்தை அல்ல, ஈய அச்சுக் காலத்தில் எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையை. கண்ணுக்குத் தெரியும் அளவை முடிவுசெய்வது எக்ஸ்-உயரம், அதாவது மேலும் கீழும் நீளாத சிறிய எழுத்துகளின் உயரம்.

வரி இடைவெளியை 'லெடிங்' என்றே உச்சரியுங்கள். வரிகளுக்கு இடையே செருகிய ஈயத் தகட்டிலிருந்து வந்த பெயர். நான் 'லீடிங்' என்று படித்து, தலைப்பு கண்ணை வழிநடத்தும் விதம் பற்றி ஒரு பத்தி எழுதிவைத்தேன். கெர்னிங் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே செய்யும் திருத்தம். டிராக்கிங் சொல் அல்லது வரி முழுவதையும் சீராகத் தளர்த்துவது, நெருக்குவது. வாய்மொழித் தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்டால், பெரிய 'ஏ'வையும் 'வி'யையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். நடுவே விழும் பள்ளமே விடை.