பட்டியலில் பெயர் வந்த பிறகு

2017 வசந்தத்தில், அமெரிக்க அரசுப் பணித் திட்டம் ஒன்றின் பட்டியலில் என் பெயர் இருப்பதாக மெயில் வந்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவசரப்பட்டுவிட்டேன். திட்டத்தின் பெயரில் 'பிரெசிடென்ஷியல்' என்று ஒரு சொல் இருந்தது. மறுநாள் விடிவதற்குள் திண்டுக்கல்லில் எங்கள் தெரு முழுக்க, எனக்கு வெள்ளை மாளிகையில் வேலை கிடைத்துவிட்டது.

உண்மையில் எனக்கு எந்த வேலையும் கிடைத்திருக்கவில்லை. பிரெசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ், சுருக்கமாக பி.எம்.எஃப்., முதுகலையோ அதற்கு மேலோ முடித்தவர்களை அமெரிக்க மத்திய அரசுப் பணிக்குள் கொண்டுவர 1977இல் கார்ட்டர் காலத்தில் வேறொரு பெயரில் தொடங்கிய திட்டம். தேர்வுகளைத் தாண்டினால் 'ஃபைனலிஸ்ட்' பட்டியலில் பெயர் வரும். அதன் பிறகு 12 மாதத்துக்குள் ஏதாவது ஒரு துறை நம்மைப் பணியில் அமர்த்த வேண்டும். அமர்த்தாவிட்டால் எல்லாம் காலாவதி. அமர்த்தினால் இரண்டு வருடப் பணி, 160 மணி நேரப் பயிற்சி, நடுவில் நாலு முதல் ஆறு மாதம் வேறோர் இடத்தில் வேலை. எல்லாம் சரியாகப் போனால் நிரந்தரம்.

2025 பிப்ரவரியில் ஓர் அதிபர் உத்தரவில் இந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். பிறகு எதற்கு எழுதுகிறேன் என்றால், போன வாரம் அண்ணன் மகன் ஏதோ ஒரு ஃபெலோஷிப்பைச் சொல்லி, "அத்தை, லிஸ்ட்ல பேர் வந்துடுச்சு, அடுத்து என்ன?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 39 வயது. கணவர் வேலைக்காகப் பால்டிமோர் வந்து, குடியுரிமையும் வாங்கி, மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு பொதுக் கொள்கையில் முதுகலை படித்தவள். நேரம் பார்த்துத்தான் படித்து முடித்தேன். அந்த ஜனவரி 23 அன்று புதிய அதிபர் மத்திய அரசில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஏப்ரல் 12 அன்று தடை நீங்கியது. ஆனால் கையோடு ஆள்குறைப்புத் திட்டம் கொடுங்கள் என்று துறைகளைக் கேட்டார்கள். அடுத்த வருடம் தன் பிரிவே இருக்குமா என்று தெரியாத மேலாளர் புது ஆளை எங்கே எடுப்பார்? ஃபைனலிஸ்ட்டுகளுக்கு மட்டும் திறக்கும் இணையதளம் ஒன்று இருந்தது. காலியிடங்கள் அதில்தான் வரும். தினமும் காலைக் காபியோடு திறப்பேன். சில நாள் இரண்டு இருக்கும், பல நாள் ஒன்றும் இருக்காது.

ஆகஸ்டில் ஓர் அலுவலகம் தற்காலிக ஆஃபர், அதாவது இன்னும் உறுதியாகாத ஆஃபர், கொடுத்தது. இந்த முறை அம்மாவிடம் மூச்சு விடவில்லை. நல்லவேளை. ஐந்து வாரம் கழித்து இரண்டே வரியில் ஒரு மெயில்: பணியிடம் ரத்து. என்னை நேர்காணல் செய்தவருக்கு போன் செய்தால், அவருக்கே அந்தச் செய்தியை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உறுதி ஆஃபர் கைக்கு வரும்வரை தேடுவதை நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தியிருந்தேன். அந்த ஐந்து வாரத்தில் மூடிப்போன விளம்பரங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதன் பிறகுதான் எனக்கு இரண்டு வருடம் முந்தைய ஃபெலோ ஒருவரிடம் என் ரெஸ்யூமேயைக் காட்டினேன். படித்துவிட்டு, "இதுல நீங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார். திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருடம் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை பார்த்ததை 'குழுக்களுடன் பணியாற்றினேன்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். நம் ஊரில் அது போதும். கேட்பவருக்கு மீதி தெரியும். இங்கே முதலில் படிப்பவர் மனிதவள அதிகாரி. விளம்பரத்தில் உள்ள தகுதி வரிகளை ஒரு கையிலும் நம் காகிதத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். எழுதாததை அவர் ஊகித்துக்கொள்ள மாட்டார். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை குழு, யாருக்கு அறிக்கை என்று எல்லாம் வேண்டும். ஒரு பக்க ரெஸ்யூமே ஐந்து பக்கமானது. தற்பெருமை மாதிரி இருக்கிறதே என்று கூச்சமாக இருந்தது. ஆனால் அடுத்து அனுப்பிய ஆறு விண்ணப்பங்களில் மூன்றுக்கு அழைப்பு வந்தது.

நவம்பரில் வந்த அழைப்பை மகளின் பள்ளிக்கு வெளியே காரில் உட்கார்ந்தபடி பேசினேன். கிராமப்புறக் கடன் திட்டங்களைப் பார்க்கும் பிரிவு. கணக்குகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பாடமாக்கி வைத்திருந்த பதில் மறந்துபோனது. வாயில் வந்தது ஒரு குழுவின் கணக்கு நோட்டுக் கதை. வங்கிப் பாஸ்புக்குக்கும் தலைவியின் நோட்டுக்கும் 340 ரூபாய் இடித்தது. உறுப்பினர்கள் தலைவி எடுத்துவிட்டார் என்றே முடிவு கட்டியிருந்தார்கள். மாலை வரை உட்கார்ந்து தேதி தேதியாகப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் வங்கிக்குப் போய் வந்த பஸ் காசும் டீக் காசும் சேர்ந்து அந்த 340. அவருக்கு அதை எழுதக் கூச்சம். போக்குவரத்துச் செலவுக்கென்று நோட்டில் ஒரு பத்தி கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுமுனையில் ஒருவர் சிரித்துவிட்டு, "எங்கள் படிவங்களிலும் அந்தப் பத்தி கிடையாது" என்றார். டிசம்பரில் தற்காலிக ஆஃபர் வந்தது.

அடுத்தது பின்னணி விசாரணை. நாடு முழுக்க 7 லட்சத்துக்கும் மேல் விசாரணைகள் தேங்கிக் கிடந்த காலம் அது. என் 12 மாதக் கெடுவோ வசந்தத்தில் முடிகிறது. படிவத்தில் பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் எல்லோருக்கும் கடைசிப் பெயர் கேட்டார்கள். அண்ணனுக்கு அப்பா பெயர், அப்பாவுக்குத் தாத்தா பெயர், எனக்குக் கணவர் பெயர், கணவருக்கு அவருடைய அப்பா பெயர். ஒரே குடும்பம்தானா என்று விசாரணை அதிகாரிக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. காகிதத்தில் மரம் வரைந்து காட்டினேன். அம்மாவின் பிறந்த தேதி இன்னொரு கூத்து. பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட தேதி ஜூன் 1. அம்மா சொல்வது ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள். 'உத்தேசம்' என்று குறிக்கப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஜனவரியில், செலவுக்கான ஒப்புதல் நாடாளுமன்றத்தில் கிடைக்காமல், மூன்று நாள் அரசே மூடிக் கிடந்தது. பிப்ரவரி நடுவில் உறுதி ஆஃபர் வந்தது, மத்திய அரசுச் சம்பளப் படிகளில் ஜி.எஸ்-9 நிலையில். முதுகலைப் பட்டத்துக்கு அதுதான் கணக்கு. தகுந்த அனுபவம் ஒரு வருடம் காட்டினால் ஜி.எஸ்-11. அந்த வருடம் வாஷிங்டன் பகுதியில் இரண்டுக்கும் நடுவே தொடக்கச் சம்பளத்தில் ஏறக்குறைய 12 ஆயிரம் டாலர் வித்தியாசம். திண்டுக்கல் அனுபவத்தைக் காட்டிக் கேட்டிருக்கலாம். கெடுவின் பயத்தில் வாயைத் திறக்காமல் சரி என்றுவிட்டேன். சேர்வதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. அண்ணன் மகனிடம் இதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

கெடு முடியச் சில வாரங்களே இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, பால்டிமோரில் ரயிலேறி வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனில் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பார்த்தால் எதிரே நாடாளுமன்றக் கோபுரம். சாயங்காலம் உறுதிமொழி எடுத்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, வெள்ளை மாளிகை இல்லையம்மா, இதுதான் நான் தினமும் பார்க்கப்போவது என்று அந்தக் கோபுரத்தின் படத்தை அனுப்பினேன்.

"இதுவும் வெள்ளையாத்தானே இருக்கு" என்றாள்.