முதலில் உயரம், பிறகு பிளே

பண்ணாரி அம்மன் கோவிலைத் தாண்டினால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுள் ஏதேனும் ஒன்றில் சரக்கு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், பின்னால் வரிசையில் நிற்கும் கார்க்காரருக்குக் கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து இடது கால்தான் முதலில் சோர்ந்து போகும். சென்ற மாதம் தாளவாடிக்குப் போனபோது வண்டியை ஓட்டியவர் என் மனைவி. ஆறேழு முறை நிறுத்தி எடுத்த பிறகு, "ஏனுங்க, இந்தப் பெடலு ரொம்ப ஒசரமா இருக்குதுங்க, காலைத் தூக்கித் தூக்கிக் கெண்டைக்கால் இழுத்துப் புடிக்குது" என்றார். நான் நெட்டையன் என்பதால் இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது உறைத்ததே இல்லை.

ஈரோட்டுக்குத் திரும்பியதும் ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினேன். அங்கிருந்த இளைஞர் பெடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் ஓரத்தில் கிளட்ச் கேபிளின் நுனியில் இருக்கும் நட்டைப் பல சுற்று தளர்த்திவிட்டு, "எறக்கி வெச்சுட்டனுங்ணா, இனி கால் வலிக்காதுங்" என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். பெடல் முன்பைவிடக் கீழே இருக்கும்போது கிளட்ச் பிடித்தது என்னவோ உண்மைதான். ஆனால் மறுநாள் காலையில் வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க ரிவர்ஸ் போட்டதும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பற்சக்கரங்கள் கரகரவென்று உரசின. பெடலை அடிவரை மிதித்தும் கிளட்ச் என்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுமையாகப் பிரிக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. வேகத்தைச் சமன்படுத்தி உரசாமல் கியர் விழவைக்கும் சின்க்ரோ வளையம் முன்னோக்கிய கியர்களில் இருந்தாலும், பல கார்களில் ரிவர்ஸுக்குக் கிடையாது என்பதால், இந்தக் குறை முதலில் அங்கேதான் வெளிப்படுகிறது.

நான் மெக்கானிக் அல்லன். விசைத்தறி வைத்திருப்பவன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். எனவே அந்த ஞாயிற்றுக்கிழமை இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் பக்க டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். பட்டறையில் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட இரண்டு அளவுகளும் உண்மையில் வெவ்வேறானவை. மிதிக்காமல் விட்டிருக்கும்போது பெடல் எங்கே நிற்கிறது என்பது உயரம். அதைத் தீர்மானிப்பது, பெடலின் மேல்முனையில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டாப்பர் போல்ட். அங்கிருந்து விரலால் அழுத்தும்போது, கேபிள் இறுகி எதிர்ப்புக் காட்டும் வரை பெடல் சும்மா போகும் தூரம் பிளே. அதைத் தீர்மானிப்பது கேபிள் நுனி நட். உயரத்தில் இருந்த குறைக்கு மருந்தைப் பிளேயில் வைத்ததுதான் நடந்த தவறு.

அளப்பதற்கு முன் மேட்டை எடுத்துவிட வேண்டும். நான் ஆசையாக வாங்கிப் போட்டிருந்த தடித்த கயிற்று மேட், மிதிக்கும்போது பெடலுக்கு அடியில் சிக்கி அதன் ஓட்டத்தையே குறைத்துக்கொண்டிருந்தது; அந்தப் பழி பட்டறைக்காரரைச் சேராது. என் வண்டியில் கிளட்ச் பெடலும் பிரேக் பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கிளட்ச் 14 மி.மீ. மேலே நின்றது. ஸ்டாப்பர் போல்ட் கழலாமல் பிடித்திருக்கும் லாக் நட் எப்போதோ தளர்ந்து, போல்ட் அதிர்விலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று பின்வாங்கியிருக்கிறது. விரல் நுனியால் சுற்றவே அது சுழன்றது. பிளே 41 மி.மீ. இருந்தது, கையேடு சொல்வதோ 15 முதல் 25 வரை.

இங்கேதான் வரிசை முக்கியம். உயரத்தைக் குறைத்தால் பெடல் ஏற்கெனவே சிறிது மிதித்த நிலையில் நிற்பதுபோல் ஆகிவிடுவதால், பிளேயும் கூடவே குறையும். பிளேயை முதலில் சரிசெய்துவிட்டு உயரத்தைத் தொட்டால் செய்த வேலையை மறுபடி செய்ய வேண்டும். போல்ட்டை இறக்கிப் பிரேக் மட்டத்துக்குக் கொண்டுவந்து லாக் நட்டை இறுக்கியதும் பிளே 27-க்கு வந்துவிட்டது. கேபிள் நட்டை ஒரு முழுச் சுற்று இறுக்கினால் பெடலில் ஏறத்தாழ 5 மி.மீ. குறைகிறது, ஒன்றரைச் சுற்றில் 20-ஐ ஒட்டி நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, என்ஜினை ஐடிலில் விட்டு, பெடலை முழுதாக மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். சத்தமில்லாமல் விழுந்தது.

ரிவர்ஸ் சத்தத்துக்கு அஞ்சிப் பிளேயே இல்லாமல் இறுக்கிவிடுவதும் கெடுதல்தான். அப்போது பெடலை மிதிக்கும்போது மட்டும் கிளட்சைத் தள்ள வேண்டிய ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுந்திச் சுழலும், கிளட்ச் பிளேட் நழுவும், ஏற்றத்தில் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி போகாது. கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் கேபிள் நட் இருக்காது. ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பெடலிலிருந்து போகும் தண்டான புஷ்ராடில்தான் பிளேயைச் சரிசெய்வார்கள், அங்கும் சிறிதளவு இடைவெளி விடாவிட்டால் ஆயில் திரும்ப வழியின்றி அழுத்தம் தேங்கி, அதே நழுவல் வரும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் அதற்கு ஸ்பேனர் உதவாது; காற்று புகுந்திருக்கிறதா, ஆயில் கசிகிறதா என்று பார்ப்பதே சரி.

கேபிள் வண்டிகளில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் பேரிங்கை நோக்கி நகர்வதால் பிளே தானாகக் குறைந்துகொண்டே வரும். நாம் நட்டைத் தளர்த்தித் தளர்த்தி நுனிப் பக்கம் கொண்டுபோவோம். நட்டுக்கு வெளியே எவ்வளவு மரை மிச்சமிருக்கிறது என்பதே பிளேட்டின் மிச்ச ஆயுளை ஓரளவு காட்டிவிடும். என் வண்டியில் இப்போது நான்கு மரை தெரிகிறது. அடுத்த தாளவாடிப் பயணத்துக்கு இது போதும், தீபாவளி வரை தாங்குமா என்பது சந்தேகமே.