விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?

"மியூசிக்கை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணினா எங்கேருந்து வரணும்?" நாங்கள் செய்த கம்ப்யூட்டர் பாடம் ஒன்றின் ரிவ்யூவில் வாடிக்கையாளர் பின்னணி இசையைப் பற்றிக் கேட்டார். "விட்ட இடத்துலேருந்துதான் சார்" என்று பதில் போனது. அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்கிரீனுக்குப் போய்விட்டார். அந்தப் பதில் சரிதானா என்ற சந்தேகம் இன்னும் விடவில்லை.

இப்படிப்பட்ட பாடங்களை ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த காலத்தில் எல்லோரும் பயந்தது வேறொன்றுக்கு. முதல் ஃப்ரேமில் இசையை வைத்து, சிங்கை (ஒலி எப்படித் தொடங்கவேண்டும் என்ற அமைப்பை) 'ஈவென்ட்' என்றே விட்டுவிட்டால், மெனு பட்டன் டைம்லைனை, அதாவது ஃப்ரேம்களின் வரிசையை, முதல் ஃப்ரேமுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஓடிக்கொண்டிருக்கும் இசையின் மேல் இன்னொரு பிரதி ஏறும். 'ஸ்டார்ட்' என்று மாற்றினால் தீர்ந்தது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் வம்பு. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் (ஃப்ளாஷின் நிரல்மொழி) சவுண்ட் சேனலுக்கு, அதாவது ஓடும் ஒலியைக் கையாளும் பொருளுக்கு, பாஸ் (இடையில் நிறுத்திவைக்கும்) கட்டளையே கிடையாது. இசை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்ற பொசிஷனை மில்லிசெகண்டில் எடுத்துவைத்து, ஸ்டாப் செய்து, பிறகு பிளே கட்டளைக்கு அந்த எண்ணைத் தரவேண்டும். 60 நொடி இசையை 40-வது நொடியில் நிறுத்தி, லூப் 999 என்று கொடுத்துத் தொடர்ந்தால், முடிந்ததும் அது தொடக்கத்துக்குப் போகாது. 40-வது நொடிக்கே திரும்பும். கடைசி 20 நொடிதான் சுற்றிச் சுற்றி வரும். டெஸ்டிங்கில் யாரும் ஒரே ஸ்கிரீனில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை, அதனால் இது கண்ணில் படாது. லூப்பை 0 ஆக்கி, இசை முடிந்த நிகழ்வில் மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு பிளேக்கும் புதுச் சேனல் வருவதால் லிசனரையும் (இசை முடிந்ததைக் கவனிக்கும் கோட்) வால்யூமையும் மறுபடி கொடுக்கவேண்டும். மறந்தால் இசை முழு வால்யூமில் அலறும். இணைப்பில் சின்ன இடைவெளியும் கேட்கும்.

பிரௌசருக்குள்ளேயே இருக்கும் ஒலி வசதியான வெப் ஆடியோவில் இந்தத் தொல்லை இல்லை. இசையை ஓட்டும் சோர்ஸ் நோட் ஒன்றை ஒருமுறைதான் ஸ்டார்ட் செய்ய முடியும் என்பதால் ஒவ்வொரு ஆனுக்கும் புது நோட். ஓடிய நேரத்தை இசையின் நீளத்தால் வகுத்து வரும் மீதியை ஆஃப்செட்டாக (தொடங்கும் இடமாக) லூப்போடு கொடுத்தால், முடிந்ததும் ஒழுங்காக 0-க்குத் திரும்பும். விலை மெமரியில்: 44,100 ஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 3 நிமிட இசை டிகோட் ஆனதும் சுமார் 63 எம்பி பிடிக்கும். அதற்குப் பதில் எச்டிஎம்எல்லின் ஆடியோ டேக் போட்டால் மெமரி மிச்சம், பாஸும் தயாராக இருக்கிறது. ஆனால் எம்பி3-யின் தலையிலும் வாலிலும் என்கோடர் சேர்க்கும் மௌனம் லூப்பில் விக்கும். ஐபோனிலோ ஸ்கிரிப்ட் சொல்லும் வால்யூமை அது கண்டுகொள்வதே இல்லை.

இவ்வளவு தொல்லை இருந்தாலும் அந்தப் பதிலில் நியாயம் உண்டு. பாடத்தில் 10 ஸ்கிரீன் தாண்டியவருக்கு டைட்டில் இசை மறுபடி தொடங்கினால் முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது போலிருக்கும். அதேசமயம், தாளத்தின் நடுவில் படாரென்று இசை வருவதும் நன்றாக இல்லை. கெயினை (வெப் ஆடியோவில் ஒலியளவு) 0-இல் வைத்து அரை நொடியில் 0.3-க்கு ஏற்றினால் அது கொஞ்சம் அடங்கும்.

பாஸே வேண்டாம், கெயினை மட்டும் 0 ஆக்கி இசையை உள்ளே ஓடவிடலாம் என்ற வழியும் இருந்தது. மிகக் குறைந்த கோட். பொசிஷன் கணக்கே தேவையில்லை. இசை எங்கிருந்து தொடர்கிறது என்பது பாடத்தைப் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. போனில் பேட்டரி வீணாகும் என்பதுதான் அப்போது சொன்ன காரணம். ஒரு சின்ன லூப்புக்கு அது எவ்வளவு பெரிய காரணம் என்பது சந்தேகமே. எல்லா ஒலியும் ஓடும் ஆடியோ கான்டெக்ஸ்டையே மொத்தமாக சஸ்பெண்ட் செய்வது மட்டும் நிச்சயம் தவறு: வாய்ஸ் ஓவரும் பட்டன் சத்தமும் சேர்ந்தே செத்துவிடும்.

கேள்வியில் இன்னொரு ஆஃபும் ஒளிந்திருக்கலாம். பிரௌசரில் டேப் மாறினாலும், போனில் அழைப்பு வந்தாலும் இசை நிற்கவேண்டும். பயனர் நிறுத்தியதற்கு ஒரு ஃப்ளாக் (ஆம்/இல்லை என்ற குறிப்பு), டேப் மறைந்ததற்குத் தனி ஃப்ளாக்; இரண்டும் இல்லாதபோதுதான் ஒலிக்கவேண்டும். ஒரே ஃப்ளாகில் இரண்டையும் அடைத்தால், அவர் நிறுத்திவைத்த இசை டேபுக்குத் திரும்பியதும் தானாகவே பாட ஆரம்பித்துவிடும், அதுவும் விட்ட இடத்திலிருந்து.